செசார்: ஐரோப்பிய வான்போக்குவரத்து மேலாண்மை ஆய்வுத் திட்டம்

செசார் என்பது ஐரோப்பாவின் வான்போக்குவரத்து மேலாண்மை முறைகளைப் புதுப்பிப்பதற்காக நடந்துவரும் ஆய்வு மற்றும் மேம்பாட்டுத் திட்டமாகும். ‘ஒற்றை ஐரோப்பிய வான்வெளிக்கான வான்போக்குவரத்து மேலாண்மை ஆய்வு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இப்பெயர் அமைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம், யூரோகன்ட்ரோல் என்னும் பன்னாட்டு அமைப்பு, வான்போக்குவரத்துச் சேவை நிறுவனங்கள், விமான நிலையங்கள், விமான மற்றும் கருவி உற்பத்தியாளர்கள் ஆகியோர் இதில் பங்கேற்கின்றனர். திட்டத்தின் தலைமையகம் பிரசெல்சு நகரில் உள்ளது.

விமானங்களை வழிநடத்தும் புதிய முறைகளைக் கண்டுபிடிப்பதோடு இத்திட்டத்தின் பணி முடிந்துவிடுவதில்லை. கண்டுபிடித்த முறையைப் பல நாடுகளும் பல நூறு நிறுவனங்களும் ஒரே காலத்தில் பயன்பாட்டுக்குக் கொண்டுவரச் செய்வதே கடினமான பகுதி. செசாரின் வெற்றிகளையும் தாமதங்களையும் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு உதவும்.

பழைய முறையும் அதன் எல்லையும்

வான்வெளி பல வான்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வான்பகுதியையும் வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு கட்டுப்பாட்டாளர்கள் கவனிக்கின்றனர். அவர்கள் ரேடார் திரையில் விமானங்களைப் பார்த்து, வானொலி வழியாக விமானிகளிடம் பேசி, உயரத்தையும் திசையையும் வேகத்தையும் மாற்றச் சொல்வார்கள். ரேடார் கண்காணிப்பில் உள்ள வழித்தடங்களில் இரு விமானங்களுக்கிடையே பொதுவாக 5 கடல் மைல் கிடைமட்ட இடைவெளியோ, 1,000 அடி உயர வேறுபாடோ இருக்க வேண்டும். ஒரு விமானம் தம் எல்லையைத் தாண்டும்போது கட்டுப்பாட்டாளர் அதை அடுத்த வான்பகுதியிடம் ஒப்படைப்பார்.

விமானங்கள் பெருகும்போது வான்பகுதியை இரண்டாகப் பிரிப்பது வழக்கமான தீர்வு. ஆனால் இதற்கு எல்லை உண்டு. வான்பகுதி சிறியதாகும்போது ஒரு விமானம் அதற்குள் இருக்கும் நேரம் குறைகிறது. கட்டுப்பாட்டாளர் அதைப் பெறுவதற்கும் அடுத்தவரிடம் ஒப்படைப்பதற்கும் செலவிடும் நேரம் குறைவதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு, பிரிப்பதனால் வேலை குறையாமல் ஒப்படைப்பு வேலை மட்டுமே கூடுகிறது. வானொலி அலைவரிசையிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். எனவே மேலும் ஆட்களைச் சேர்த்தோ மேலும் பகுதிகளாகப் பிரித்தோ தீர்க்க முடியாத நிலைக்கு நெரிசல் மிகுந்த வான்வெளிகள் வந்துசேர்ந்தன.

ஐரோப்பாவில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. 2010-களின் பிற்பகுதியில் அங்கு 37 சேவை நிறுவனங்களும் 60-க்கும் மேற்பட்ட வழித்தடக் கட்டுப்பாட்டு மையங்களும் இயங்கின. ஐக்கிய அமெரிக்காவின் கண்டப்பகுதியில் ஒரே நிறுவனமும் 20 மையங்களும் மட்டுமே உள்ளன. ஐரோப்பாவின் ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய கணினி அமைப்பைத் தானே வாங்கியதால், அண்டை நாட்டு மையங்கள் தகவலைப் பரிமாறுவதுகூட எளிதாக இருக்கவில்லை.

ஊபர்லிங்கன் விபத்து

இந்தக் குறைபாடுகள் உயிர்ச்சேதத்தில் முடியக்கூடும் என்பதை 2002 சூலை 1 இரவு நடந்த விபத்து காட்டியது. ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ள ஊபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு டி.யு.-154 பயணிகள் விமானமும் ஒரு போயிங் 757 சரக்கு விமானமும் மோதின. இரண்டிலும் இருந்த 71 பேரும் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர்.

விபத்து நடந்த இடம் ஜெர்மனியில் இருந்தாலும் அந்த வான்வெளியைச் சுவிட்சர்லாந்தின் சூரிக் மையமே கவனித்துவந்தது. அன்றிரவு அங்கே பணியிடத்தில் ஒரே கட்டுப்பாட்டாளர் இருந்தார். பராமரிப்புப் பணி காரணமாக மோதல் எச்சரிக்கை திரையில் காட்டப்படவில்லை. முதன்மைத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தது. அண்டையிலிருந்த கார்ல்ஸ்ரூ மையத்தின் கணினி ஆபத்தை முன்கூட்டியே காட்டியது. அங்கிருந்தவர்கள் சூரிக்கைப் பலமுறை தொலைபேசியில் அழைத்தும் இணைப்பு கிடைக்கவில்லை. ஆபத்தை அறிந்த மையத்துக்கு விமானிகளிடம் பேசும் வழியில்லை; பேசக்கூடிய மையத்துக்கு உரிய நேரத்தில் ஆபத்து தெரியவில்லை.

கடைசி நொடிகளில் விமானத்திலிருந்த மோதல் தவிர்ப்புக் கருவி டி.யு.-154 விமானத்தை மேலே ஏறச் சொன்னது. கட்டுப்பாட்டாளர் கீழே இறங்கச் சொன்னார். விமானிகள் கட்டுப்பாட்டாளரின் சொல்லைப் பின்பற்றினர். போயிங் விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. இதன் பின்னர், இரண்டும் முரண்பட்டால் கருவியின் கட்டளையையே பின்பற்ற வேண்டும் என்பதைப் பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பு தன் விதிகளில் தெளிவுபடுத்தியது.

ஒற்றை ஐரோப்பிய வான்வெளி

1990-களின் இறுதியில் ஐரோப்பாவில் விமானத் தாமதங்கள் மிகுந்தன. நாட்டு எல்லைகளுக்கு ஏற்பப் பிரிக்காமல், போக்குவரத்தின் தேவைக்கு ஏற்ப வான்வெளியை ஒழுங்குபடுத்த வேண்டும் என ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. இதற்கான முதல் சட்டத் தொகுப்பு 2004-இல் நிறைவேறியது. இரண்டாவது தொகுப்பு 2009-இல் வந்தது.

சட்டங்களுக்கு உரிய தொழில்நுட்பத்தை உருவாக்கும் பொறுப்பு செசாருக்குத் தரப்பட்டது. 2005-இல் வகுக்கப்பட்ட தொலைநோக்கு இலக்குகள் நான்கு:

• வான்வெளியின் கொள்ளளவை மூன்று மடங்காக்குதல்
• பாதுகாப்பைப் பத்து மடங்கு மேம்படுத்துதல்
• ஒவ்வொரு பறப்பின் சுற்றுச்சூழல் பாதிப்பையும் 10% குறைத்தல்
• வான்போக்குவரத்து மேலாண்மைச் செலவைப் பாதியாக்குதல்

திட்டத்தின் கட்டங்கள்

செசார் மூன்று கட்டங்களாக வகுக்கப்பட்டது.

வரையறைக் கட்டம் (2005–2008): எதிர்கால முறை எப்படி இருக்க வேண்டும் என்பது திட்டமிடப்பட்டது. இதன் விளைவாக உருவான ‘ஐரோப்பிய வான்போக்குவரத்து மேலாண்மைப் பெருந்திட்டம்’ 2009-இல் ஏற்கப்பட்டது. அது முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இது திருத்தப்பட்டு வருகிறது.

மேம்பாட்டுக் கட்டம் (2008 முதல்): ஆய்வுகளை நடத்த ‘செசார் கூட்டு நிறுவனம்’ 2007-இல் சட்டப்படி அமைக்கப்பட்டது. முதல் ஆய்வுத் தொகுப்புக்கு 210 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம், யூரோகன்ட்ரோல், தொழில்துறை ஆகிய மூன்றும் தலா 70 கோடி யூரோவை ஏற்றன. யூரோகன்ட்ரோலும் தொழில்துறையும் தம் பங்கின் பெரும்பகுதியைப் பணமாகத் தராமல் ஆட்களின் உழைப்பாகவும் கருவிகளாகவும் அளித்தன. இதனைத் தொடர்ந்து ‘செசார் 2020’ என்னும் இரண்டாவது ஆய்வுத் தொகுப்பு நடந்தது.

செயலாக்கக் கட்டம் (2014 முதல்): தேறிய தீர்வுகளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர, ‘பொதுத் திட்டம்’ என்னும் பெயரில் கட்டாயமாக்கும் ஆணை 2014-இல் பிறப்பிக்கப்பட்டது. பணிகளை ஒருங்கிணைக்கத் தனியே ஒரு செயலாக்க மேலாளர் அமைப்பும் அதே ஆண்டில் நியமிக்கப்பட்டது.

ஒரு கருத்து சோதிக்கப்படும் விதம்

வான்போக்குவரத்தில் புதிய முறையை நேரடியாக நடைமுறைக்குக் கொண்டுவந்து பார்க்க இயலாது. எனவே ஒவ்வொரு கருத்தும் படிப்படியாகச் சோதிக்கப்படுகிறது.

முதலில் கணினி மட்டுமே ஓட்டும் விரைவு உருவகப்படுத்தலில் ஆயிரக்கணக்கான பறப்புகள் சில நிமிடங்களில் ஓட்டிப் பார்க்கப்படும். அடுத்து வரும் நிகழ்நேர உருவகப்படுத்தலில் உண்மையான கட்டுப்பாட்டாளர்கள் போலித் திரைகளின் முன் அமர்ந்து வேலை செய்வார்கள். அவர்களின் பணிச்சுமையும் தவறுகளும் அளக்கப்படும். அதன்பின் நிழல்முறைச் சோதனை நடைபெறும். உண்மையான போக்குவரத்துத் தரவு புதிய அமைப்புக்கும் தரப்படும். ஆனால் விமானங்களைப் பழைய அமைப்பே வழிநடத்தும். இறுதியாகச் சோதனைப் பறப்புகள் நடத்தப்படும்.

கணினியில் சிறப்பாகத் தோன்றும் பல கருத்துகள் மனிதர் அமரும் இரண்டாம் படியில் திருத்தம் பெறுகின்றன. கூடுதல் தகவலைத் திரையில் காட்டினால் உதவியாக இருக்கும் என்று பொறியாளர் எண்ணலாம். நெரிசலான நேரத்தில் அதுவே கட்டுப்பாட்டாளரின் கவனத்தைச் சிதறடிக்கலாம்.

முக்கியத் தீர்வுகள்

நான்கு பரிமாணப் பறப்புப் பாதை

விமானம் எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்கும் என்பதோடு எந்த நொடியில் அங்கே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நான்கு பரிமாணப் பாதை. பழைய முறையில் விமானத்தின் கணினி ஒரு கணிப்பையும் தரையிலுள்ள கணினி வேறொரு கணிப்பையும் செய்கின்றன. இரண்டையும் ஒன்றாக்கினால் முரண்பாடுகளை வெகு முன்னதாகவே கண்டு, சிறு வேக மாற்றத்தாலேயே தீர்க்கலாம்.

இதற்கான முதல் சோதனைப் பறப்பு 2012 பெப்ரவரி 10 அன்று நடந்தது. ஏர்பஸ் ஏ320 சோதனை விமானம் ஒன்று பிரான்சின் துலூசிலிருந்து கோபனேகன் வழியாக ஸ்டாக்ஹோம் சென்றது. இக்கருத்து அதற்கும் முந்தியது. 1989 முதல் 1999 வரை யூரோகன்ட்ரோல் நடத்திய ஃபேர் என்னும் ஆய்வுத் திட்டமே இதை விரிவாகச் சோதித்திருந்தது.

கால அடிப்படையிலான இடைவெளி

பெரிய விமானம் சென்ற வழியில் அதன் இறக்கைகள் சுழல்காற்றை விட்டுச் செல்கின்றன. எனவே பின்னால் தரையிறங்கும் விமானம் குறிப்பிட்ட தொலைவு விட்டு வர வேண்டும். எதிர்க்காற்று வீசும்போது அத்தொலைவைக் கடக்கக் கூடுதல் நேரமாகிறது. எடுத்துக்காட்டாக, தரையை நோக்க மணிக்கு 140 கடல் மைல் வேகத்தில் வரும் விமானம் 4 கடல் மைலைக் கடக்க ஏறத்தாழ 103 நொடி ஆகும். எதிர்க்காற்றால் அவ்வேகம் 100 கடல் மைலாகக் குறைந்தால் 144 நொடி ஆகும். இதனால் ஒரு மணி நேரத்தில் இறங்கும் விமானங்களின் எண்ணிக்கை குறைந்து தாமதம் கூடும்.

பலத்த காற்றில் சுழல்காற்று விரைவில் கலைந்துவிடுகிறது என்பதை அளவீடுகள் காட்டின. ஆகவே தொலைவுக்குப் பதிலாக நேரத்தை நிலையாக வைக்கலாம் என்று முடிவு செய்யப்பட்டது. அன்றைய காற்றுக்கு ஏற்ற தொலைவைக் கணினி கணக்கிட்டுத் திரையில் ஒரு குறியாகக் காட்டும். கட்டுப்பாட்டாளர் விமானத்தை அக்குறியில் நிறுத்துவார். இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இம்முறை 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

தொலைக் கோபுரம்

நாளுக்குச் சில விமானங்களே வரும் சிறு விமான நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் பெருஞ்செலவாகும். ஓடுபாதை அருகே நிழற்படக் கருவிகளை நிறுவி, காட்சியைத் தொலைவிலுள்ள மையத்தின் திரைகளில் பார்த்தபடி கட்டுப்பாடு செய்வதே தொலைக் கோபுரம். சுவீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் விமான நிலையம் 2015 ஏப்ரலில் 100 கி.மீ.க்கு மேல் தொலைவிலுள்ள சுண்ட்ஸ்வால் மையத்திலிருந்து இவ்வாறு இயக்கப்படத் தொடங்கியது. 2021-இல் இலண்டன் நகர விமான நிலையமும் இம்முறைக்கு மாறியது.

கட்டற்ற வழி வான்வெளி

வரையறுத்த வழித்தடங்களில் வளைந்து செல்லாமல், நுழையும் புள்ளியிலிருந்து வெளியேறும் புள்ளிக்கு விமானங்கள் நேராகச் செல்ல அனுமதிக்கும் முறை இது. போர்த்துகல் 2009 மே மாதத்தில் தன் வான்வெளியில் இதை நடைமுறைப்படுத்தி முன்னோடியானது. பின்னர் செசாரின் பொதுத் திட்டம் இதைக் கட்டாயமாக்கி, நாட்டு எல்லை தாண்டியும் விரிவாக்கியது.

வருகை மேலாண்மை

விமான நிலையத்தை நெருங்கிய பின் வானில் வட்டமிட்டுக் காத்திருப்பதைவிட, தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து வருவது எரிபொருளை மிச்சப்படுத்தும். ஹீத்ரோவுக்கு வரும் விமானங்களை 350 கடல் மைல் தொலைவிலேயே மெதுவாக வரச் செய்யும் சோதனை 2014-இல் தொடங்கியது. அவ்வளவு தொலைவில் அவ்விமானங்கள் பிரான்சு, அயர்லாந்து போன்ற பிற நாடுகளின் கட்டுப்பாட்டில் இருக்கும். எனவே, பயன் இலண்டனுக்குக் கிடைத்தாலும் வேலையை அண்டை நாட்டுக் கட்டுப்பாட்டாளர்களே செய்ய வேண்டியிருந்தது.

தரவுத் தொடர்பில் ஏற்பட்ட தாமதம்

எல்லாத் தீர்வுகளும் ஒரே வேகத்தில் நடைமுறைக்கு வரவில்லை. கட்டுப்பாட்டாளரும் விமானியும் பேசுவதற்குப் பதிலாக எழுத்துச் செய்திகளை அனுப்பும் தரவுத் தொடர்பு இதற்குச் சான்று. வானொலி நெரிசலைக் குறைக்கும் என்பதால் 28,500 அடிக்கு மேல் பறக்கும் விமானங்களுக்கு இதைக் கட்டாயமாக்கும் ஆணை செசாருக்கு வெளியே 2009-இல் பிறப்பிக்கப்பட்டது. விமானங்களுக்கான காலக்கெடு 2015 பெப்ரவரி.

பயன்படுத்தத் தொடங்கியபோது இணைப்புகள் அடிக்கடி அறுந்தன. ஐரோப்பிய வான்பயணப் பாதுகாப்பு முகமை 2014-இல் இதை ஆராய்ந்தது. ஒரே அலைவரிசையில் போக்குவரத்து குவிந்ததும் வானொலி இடையூறும் முக்கியக் காரணங்களாகக் கருதப்பட்டன. பல அலைவரிசைகளைப் பயன்படுத்துவது முதலான மாற்றங்கள் தேவைப்பட்டன. காலக்கெடு 2020 பெப்ரவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தொழில்நுட்பத்தைச் சீர்செய்யும் ஆய்வுப் பணியில் செசார் ஈடுபட்டது.

முதற்காலக்கெடுவை மதித்துக் கருவிகளை வாங்கிய விமான நிறுவனங்கள் செலவு செய்தும் முழுப் பயனைப் பெறவில்லை. காத்திருந்தவர்களுக்கு இழப்பில்லை. இதனால் அடுத்த புதிய முறைக்கு முன்வர நிறுவனங்கள் தயங்கும் நிலை உருவானது.

முதலில் யார் செலவிடுவது?

ஹீத்ரோவின் கால இடைவெளி முறையையும் தரவுத் தொடர்பையும் ஒப்பிட்டால் காரணம் விளங்கும். முதலாவதை ஒரு விமான நிலையமும் அதன் சேவை நிறுவனமும் தீர்மானித்துச் செயல்படுத்தலாம். செலவிட்டவருக்கே பயன் கிடைக்கும். இரண்டாவதில் விமானங்களில் கருவி இருந்தும் தரை மையங்களில் இல்லையெனில் பயனில்லை. மையங்கள் ஆயத்தமாக இருந்தும் விமானங்களில் கருவி இல்லையெனில் அதுவும் வீண். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர் தொடங்கட்டும் எனக் காத்திருப்பது இயல்பாகிறது.

இத்தடையைத் தாண்ட முடியும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே இருந்த 2,000 அடி உயர இடைவெளி, 2002 சனவரி 24 அன்று 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் வான்வெளியில் ஒரே நாளில் 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. ஆறு புதிய பறப்பு உயரங்கள் கிடைத்தன. பொதுவான நாளும், அனைவரையும் கட்டுப்படுத்தும் விதியும், நீண்ட முன்னேற்பாடும் அதைச் சாத்தியமாக்கின. செசாரின் பொதுத் திட்ட ஆணையும் நிதியுதவியும் இதே நோக்கத்தைக் கொண்டவை.

விமர்சனங்கள்

ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, ஒற்றை வான்வெளி முயற்சியால் செயல்திறன் பற்றிய அக்கறை வளர்ந்தாலும் வான்வெளி இன்னும் துண்டுபட்டே இருக்கிறது எனக் கூறியது. செசார் ஒருங்கிணைப்பை வளர்த்தது. ஆனால் முதலில் திட்டமிட்ட காலத்தையும் செலவையும் தாண்டிவிட்டது என்றும் அது குறிப்பிட்டது. 2019-இல் வந்த மற்றோர் அறிக்கை, கட்டாய ஆணையால் பயன் உண்டு என்றும், வழங்கப்பட்ட நிதியுதவி பெருமளவு தேவையற்றது என்றும் கருதியது.

நாடுகளின் தயக்கமும் ஒரு காரணமாகும். வான்வெளி இறையாண்மையோடும் பாதுகாப்புப் படையின் பயிற்சிப் பகுதிகளோடும் தொடர்புடையது. கட்டுப்பாட்டு மையங்கள் வருவாயும் வேலைவாய்ப்பும் தருகின்றன. மையங்களை இணைத்தால் பணியிடங்கள் குறையும் என்று கட்டுப்பாட்டாளர் சங்கங்கள் அஞ்சுகின்றன. 2013-இல் முன்மொழியப்பட்ட சட்டத் திருத்தம், சிப்ரால்டர் விமான நிலையம் தொடர்பான பூசல் உள்ளிட்ட காரணங்களால் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. 2020-இல் திருத்தி முன்வைக்கப்பட்டு 2024-இல்தான் நிறைவேறியது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்கா 2003-இல் இயற்றிய சட்டத்தின் வழியாக ‘நெக்ஸ்ட்ஜென்’ திட்டத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் மூலம் தன் இடத்தை அறிந்து விமானமே ஒலிபரப்பும் கருவி, அந்நாட்டின் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளியில் 2020 சனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. இரு திட்டங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு இருக்க ஐரோப்பிய ஒன்றியமும் ஐக்கிய அமெரிக்காவும் 2011-இல் உடன்படிக்கை செய்தன. சப்பான் 2010-இல் ‘கேரட்ஸ்’ என்னும் நீண்டகாலத் திட்டத்தை வகுத்தது. இந்தியாவில் இசுரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து உருவாக்கிய ககன் அமைப்பு, செயற்கைக்கோள் இடங்காட்டித் தகவலைத் திருத்தி விமானங்களுக்கு வழங்குகிறது. ஐரோப்பாவின் எக்னோஸ் அமைப்பும் அதே பணியைச் செய்கிறது.

தற்போதைய நிலை

2021 நவம்பரில் ‘செசார் 3 கூட்டு நிறுவனம்’ முந்தைய நிறுவனத்தின் இடத்தைப் பெற்றது. இதன் ஆய்வுகளுக்கு 160 கோடி யூரோ மதிப்பிடப்பட்டுள்ளது. இது 2031 வரை செயல்படும். ஆளில்லா வானூர்திகளுக்கான வான்வெளி, தன்னியக்கம், கரிம உமிழ்வைக் குறைக்கும் பறப்பு முறைகள் ஆகியவை இதன் முதன்மைப் பொருள்கள்.

ஐரோப்பாவில் 2019-இல் ஏறத்தாழ 1.11 கோடியாக இருந்த பறப்புகள் பெருந்தொற்றால் 2020-இல் 50 இலட்சமாகச் சரிந்தன. போக்குவரத்து மீண்டபோது நெரிசலும் மீண்டது. எத்தனை தீர்வுகள் ஆய்வகத்தில் தேறின என்பதைவிட, அவற்றில் எத்தனை எல்லா மையங்களிலும் எல்லா விமானங்களிலும் ஒருங்கே செயல்படுகின்றன என்பதே செசாரின் பயனை அளக்கும் அளவுகோலாகும்.